ஒரு தட்டுன்னா நிறுத்து

இது நடந்தது. நம்பாதவர்கள் வியாசர்பாடி ஹவுசிங் போர்டுக்குப் போய் செங்கொடி வீடு எது என்று கேட்டால் யாரும் காட்டுவார்கள். அவள் பேயைப் பற்றி ஒரு வார்த்தை பேச மாட்டாள். முந்தானைக்குள் இருக்கும் வலது கையை வெளியே எடுத்துக் காட்டுவாள், அவ்வளவுதான். அதைப் பார்த்த பிறகும் கட்டுக்கதை என்று தோன்றினால் தாராளமாகச் சொல்லுங்கள், யாரும் சண்டைக்கு வரப்போவதில்லை.

முதலில் ஒன்று தெரிந்திருக்க வேண்டும். துறைமுகத்தில் ட்ரெய்லர் ஓட்டுகிறவர்கள் வண்டியைப் பின்னால் எடுக்கும்போது கண்ணை நம்புவதில்லை. அவ்வளவு நீளமான கன்டெய்னருக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று எந்தக் கண்ணாடியும் முழுசாகக் காட்டாது. க்ளீனர் பின்னால் நின்று தகரத்தைத் தட்டுவார். இரண்டு தட்டு என்றால் வரலாம். ஒரு தட்டு என்றால் நிறுத்து. செங்கொடியின் புருஷன் பீம்ராவ் பன்னிரண்டு வருஷம் அப்படி ஓட்டியவன். தட்டுச் சத்தம் கேட்டால் அவன் கால் தானாக வேலை செய்யும். மூளைக்குத் தகவல் அப்புறம்தான் போகும்.

முதுகு டிஸ்க் நகர்ந்துபோய் ட்ரெய்லர் வேலை நின்ற பிறகு அவனுக்கு ஒரு யோசனை வந்தது. ஒரு பழைய மினி லாரியை வாங்கி, மேலே பெட்டி கட்டி, கட்டில், அடுப்பு, குட்டிக் கக்கூஸ் எல்லாம் வைத்து கேரவனாக மாற்றி வாடகைக்கு விடுவது. சினிமாக்காரர்களுக்கு இல்லை, குடும்பமாக ஊர் சுற்றப் போகிறவர்களுக்கு. வீட்டில் இருந்த காசு, நகை எல்லாம் அந்த வண்டிக்குள் போனது. பின்பக்கச் சுவருக்கு மட்டும் தகரம் குறைந்தபோது, திருவொற்றியூர் பக்கம் ஒரு காயலான் கடையில் கழித்துப்போட்ட கன்டெய்னர் தகரம் கிடைத்தது. நல்ல கனமான தகரம். ஆனால் நெஞ்சு உயரத்தில் ஒரு குழி. டிங்கர் மூன்று தடவை அடித்து நேராக்கினான். ஒவ்வொரு தடவையும் மறுநாள் காலையில் குழி திரும்ப வந்துவிட்டது. கடைசியில் பட்டி வைத்து, க்ரீம் கலர் அடித்து மூடினார்கள்.

அவர்களுக்கு ஒரே மகள், மகிழினி, எட்டு வயது. பிறவியிலேயே காது கேட்காது. காதில் மெஷின் உண்டு. என்ஜின் சத்தத்தில் அது வெறும் இரைச்சலைத்தான் கொடுக்கும் என்று வண்டியில் ஏறியதும் கழற்றிவிடுவாள். உள்ளங்கைதான் அவளுக்குக் காது. சுவரில் கை வைத்தே, படியேறி வருவது அப்பாவா பக்கத்து வீட்டுக்காரரா என்று சொல்லிவிடுவாள். பேச்சும் கையால்தான். பள்ளியில் கற்ற கைப்பாஷையை வீட்டுக்கு வந்து அம்மாவுக்குக் கற்றுக்கொடுத்தாள். செங்கொடி வலது கையைத் தூக்கினால் அரட்டை ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். வாயே திறக்காமல் இப்படிச் சண்டை போடுகிற வீட்டை எங்கேயும் பார்த்ததில்லை என்று அக்கம்பக்கத்தில் கிண்டல் செய்வார்கள்.

போன வருஷம் ஒரு லோடு ஆட்டோ சந்துக்குள் பின்னால் வந்தபோது மகிழினி அதற்கு முதுகைக் காட்டி நின்றிருந்தாள். ஆட்டோக்காரன் ஹார்ன் அடித்தான். அவளுக்கு எப்படித் தெரியும்? கடைசி நொடியில் யாரோ பிடித்து இழுத்தார்கள். அன்றிலிருந்து வண்டி ரிவர்ஸ் வருகிறது என்றாலே செங்கொடி ஓடிப்போய்ப் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொள்வாள். கேரவன் தொழிலுக்கு அவள் போட்ட நிபந்தனை ஒன்றுதான். ரிவர்ஸ் எடுக்கும்போது பிள்ளை வண்டிக்குள் இருக்க வேண்டும், பின்னால் நின்று தட்டுவது நானாக இருக்க வேண்டும். பீம்ராவுக்கும் அது சரியாகப் பட்டது. கேமரா மாட்டவில்லை. ரிவர்ஸ் ஹார்னும் வைக்கவில்லை, அந்தப் பாட்டுச் சத்தத்தில் தட்டு கேட்காது என்றான்.

மே மாதம். வண்ணாரப்பேட்டையில் மொத்தத் துணிக்கடை வைத்திருக்கும் தேவப்பிரியம் என்ற அம்மாதான் முதல் சவாரி. எண்ணூருக்கு வடக்கே, உப்பளங்களைத் தாண்டி, கழிமுகத்து ஓரமாகச் சவுக்குத் தோப்பில் புதிதாக ஒரு கேம்ப் போட்டிருந்தார்கள். வண்டியை முந்தின நாளே கொண்டுபோய் அங்கே நிறுத்திவிட வேண்டும், குடும்பம் மறுநாள் காலையில் காரில் வந்துவிடும் என்று பேச்சு. அந்த அம்மாவுக்குப் பிடித்துவிட்டால் அவர்கள் சொந்தபந்தம் மொத்தமும் வரும். அதனால் செங்கொடியும் மகிழினியும் கூடவே கிளம்பினார்கள். போகிற வழியிலேயே சமைத்து, படுத்து, எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிடலாம்.

காலையில் சந்திலிருந்து வண்டியைப் பின்னால் எடுத்தார்கள். செங்கொடி இரண்டு தட்டினாள், வண்டி வந்தது. தெருமுனைக் குழாய்கிட்டே வரும்போது தட்டலாம் என்று கையை ஓங்கினாள். அதற்குள் வண்டி நின்றுவிட்டது. இன்னும் ஒரு ஆள் படுக்கிற இடம் பாக்கி இருந்தது. ஏன் நிறுத்தினாய் என்று கேட்டதற்கு, நீதானே தட்டினாய் என்றான். அவன் காலையிலேயே இப்படித் தூக்கக் கலக்கத்தில் இருந்தால் எண்ணூர் போய்ச் சேர்ந்த மாதிரிதான் என்று கேலி செய்துவிட்டு அவள் ஏறிக்கொண்டாள்.

கல்மண்டபம் வழியாகக் காசிமேட்டுக்குப் போய் மீன் வாங்கினார்கள். கூட்டத்திலிருந்து வண்டியை வெளியே எடுக்கும்போது அதே மாதிரி நடந்தது. அவள் தட்டுவதற்கு முன்பே நின்றது. இந்தத் தடவை அவளும் கேட்டாள். டப். ஒரே ஒரு தட்டு. சுற்றிப் பார்த்தாள். மீன் கூடைக்காரிகள் எல்லோரும் தூரத்தில் இருந்தார்கள். தகரத்தில், குழிக்கு நேராக, சாம்பல் நிறத்தில் ஒரு கைத்தடம் இருந்தது. பெரிய ஆண் கை. யாரோ கலீஜ் கையோடு தொட்டிருக்கிறார்கள் என்று நினைத்து ஈரத்துணியால் துடைத்தாள். போகவில்லை. அழுத்தித் துடைத்தபோதுதான் தெரிந்தது, அது பெயின்ட்டுக்கு அடியில் இருந்தது.

எண்ணூர் சாலையில் வழக்கம்போல ட்ரெய்லர்கள் வரிசை கட்டி நின்றன. பீம்ராவுக்கு அந்தப் பக்கத்துச் சந்துபொந்தெல்லாம் மனப்பாடம். மணலி பக்கம் திரும்பி, பைப் லைன் ஓரமாகவும் கருவேலங்காட்டு நடுவிலும் போகிற ஆளில்லாத ரோடுகளில் வண்டியை விட்டான். ஒரு பக்கம் உப்பளம், ஒரு பக்கம் சாம்பல் மேடு. தூரத்தில் புகைபோக்கிகள். எதிரே அரை மணிக்கு ஒரு சைக்கிள் வந்தால் அதிகம். செங்கொடிக்கு அந்த அமைதி பிடித்திருந்தது என்றுதான் சொல்ல வேண்டும். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் புருஷன் ஓட்டும் வண்டியில் முன்சீட்டில் உட்கார்ந்து போனது அதுதான் முதல் தடவை.

கேபினுக்கும் பின்பக்கத்துக்கும் நடுவே ஆள் நுழையும் அளவு வழி இருந்தது. மகிழினி பின்னால் கட்டிலில் இருந்தாள். ஒரு தடவை முன்னால் வந்து இன்னொரு பிஸ்கட் பாக்கெட் கேட்டு வாங்கிக்கொண்டு போனாள். கொஞ்ச நேரம் கழித்துச் செங்கொடி எட்டிப் பார்த்தபோது, சுருட்டிக் கட்டி வைத்திருந்த பாய் தரையில் விரிந்திருந்தது. அதன் மேல் ஒரு தட்டில் நாலு பிஸ்கட்டும் ஒரு டம்ளர் தண்ணீரும் இருந்தன. பிள்ளை வீடு கட்டி விளையாடுகிறது என்று விட்டுவிட்டாள்.

சாப்பாட்டுக்கு ஒரு வேப்பமர நிழலில் நிறுத்தினார்கள். மகிழினி பக்கவாட்டுக் கதவைத் திறந்தாள். உடனே இறங்கவில்லை. ஓரமாக ஒதுங்கி நின்று, யாரோ முதலில் இறங்கட்டும் என்பதுபோலக் காத்திருந்தாள். பிறகுதான் இறங்கினாள். செங்கொடி அதையும் பார்த்தாள். பார்த்துவிட்டு மீன் கழுவப் போய்விட்டாள்.

மதியத்துக்கு மேல் வழி தப்பியது. ஒரு திருப்பத்தில் ரோடு முடிந்து, பூட்டிய கேட்டும் உயரமான மதிலும் வந்தன. உள்ளே நிலக்கரி மலைபோலக் குவிந்திருந்தது. வண்டியைத் திருப்ப இடம் கிடையாது. நெடுகப் பின்னால்தான் போக வேண்டும். செங்கொடி இறங்கினாள். காற்றில் சாம்பல் மிதந்தது. காக்காய் சத்தம்கூட இல்லை. அவள் இரண்டு தட்டினாள். வண்டி வந்தது. மறுபடி இரண்டு. வந்தது.

டப்.

வண்டி நின்றது. அவள் கை தகரத்தில் படவே இல்லை.

வெயிலில் தார் இளகிக் கிடந்தது. கேபின் கதவைத் தொட முடியவில்லை, அவ்வளவு சூடு. அவள் மெதுவாக உள்ளங்கையைக் குழியின் மேல் வைத்தாள். தகரம் ஜில்லென்று இருந்தது. மீன் மார்க்கெட் ஐஸ் பெட்டியைத் தொட்டதுபோல இருந்தது. கையை எடுப்பதற்குள்...

டப்.

அவள் கைக்கு நேர் அடியில். உள்ளேயிருந்து.

ஓடிப்போய்க் கதவைத் திறந்தாள். மகிழினி கட்டிலில் காலை மடக்கி உட்கார்ந்து, பின்பக்க மூலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நீ தட்டினாயா என்று கையால் கேட்டாள் செங்கொடி. பிள்ளை இல்லை என்று தலையாட்டி, மூலையைக் காட்டியது. அங்கே பாய்தான் விரிந்திருந்தது. மகிழினி இரண்டு கையையும் தூக்கி ஏதோ சொல்ல ஆரம்பித்தாள். அதே நேரம் பீம்ராவ் முன்னாலிருந்து கத்தினான். செங்கொடி முகத்தைத் திருப்பினாள். காது கேட்காத பிள்ளையோடு பேசும்போது முகத்தைத் திருப்பினால் பேச்சு அறுந்துபோகும். அவள் திரும்பிப் பார்ப்பதற்குள் பிள்ளை கையை மடியில் போட்டுக்கொண்டு கோபித்துக்கொண்டது. அந்த ஒரு நிமிஷத்தை நினைத்துத்தான் செங்கொடி இன்றைக்கும் அழுகிறாள்.

பீம்ராவிடம் சொன்னாள். வெயிலில் தகரம் விரிந்து சத்தம் போடும் என்றான். அவள் விடவில்லை. அப்போதுதான் அவனுக்குக் கோபம் வந்தது.

"பேய் கீதுன்னு பேசிகினு திரியறதுக்கா எங்க நைனா எனக்கு இந்தப் பேரு வெச்சாரு? நாளைக்கு அந்தம்மா காதுல இது வுழுந்துச்சுன்னா எவன் இந்த வண்டில ஏறுவான், சொல்லு."

அவன் பேச்சில் நியாயம் இருந்தது. அவர்கள் வீட்டுச் சுவரில் புத்தர் படம் உண்டு, எலுமிச்சம்பழம் கிடையாது. புது வண்டிக்குச் சக்கரத்தில் பழம் வைக்கவில்லை என்று தெருவே பேசியபோது பெருமையாகச் சிரித்தவள் அவள். இப்போது சிரிப்பு வரவில்லை. பயமாக இருந்தது. ஆனாலும் வாயை மூடிக்கொண்டாள், அவனுக்கு வேறு தொழில் இல்லை என்பதால்.

பொழுது சாயும் நேரத்தில் கேம்ப்புக்குப் போய்ச் சேர்ந்தார்கள். சவுக்குத் தோப்பு, அதைத் தாண்டி மணல் சரிவு, அதற்கப்புறம் தண்ணீர். காவலுக்கு இருந்த ஆவுடையம்மாள் என்ற வயதான பெண் வண்டி நிறுத்தும் இடத்தைக் காட்டினாள். தண்ணீர் ஓரமாக ஒரு கான்கிரீட் தூண். கரன்ட் ப்ளக் அதில்தான் இருக்கிறது, அதுவரைக்கும் பின்னால் வந்தால்தான் ஒயர் எட்டும் என்றாள். ஜெனரேட்டர் தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தது. பேசுவது யாருக்கும் சரியாகக் கேட்கவில்லை; தகரத்தில் தட்டுவது மட்டும் வண்டி வழியாகவே கேபினுக்குப் போய்விடும்.

மகிழினியைக் கட்டிலில் உட்கார வைத்து, இறங்கக் கூடாது என்று இரண்டு தடவை சொல்லிவிட்டு, செங்கொடி பின்னால் போய் நின்றாள்.

இரண்டு தட்டு. வண்டி வந்தது.

இரண்டு தட்டு. வந்தது.

தூண் நெருங்கியது. போதும். அவள் ஓங்கி ஒரு தட்டு தட்டினாள்.

டப்.

அது அடங்குவதற்குள் உள்ளேயிருந்து...

டப்.

வண்டி நிற்கவில்லை.

நிறுத்துகிற தட்டு ஒன்றோடு ஒன்று சேர்ந்து இரண்டாகிவிட்டது. இரண்டு என்றால் வா. பீம்ராவின் கால் அதன்படியே வேலை செய்தது. அவளுக்கு அது உடனே புரியவில்லை. திரும்ப ஒரு தட்டு தட்டினாள்.

டப்... டப்.

வண்டி இன்னும் வேகமாக வந்தது.

கத்தினாள். ஜெனரேட்டர் கத்தலை விழுங்கியது. ஆவுடையம்மாள் கையை வீசிக்கொண்டு ஓடி வந்தாள். ஈர மணலில் செங்கொடியின் கால் புதைந்தது. விழாமல் இருக்கத் தகரத்தில் கையை ஊன்றினாள். வலது கை. குழியின் மேல்.

முதுகுக்குப் பக்கத்தில் தூண்.

ஜில்லென்று இருந்தது...

அதற்கப்புறம் அவளுக்கு எதுவும் தெரியாது.

அரசு ஆஸ்பத்திரியில் மூன்று விரல்களை எடுத்துவிட்டார்கள். மிச்சம் இருக்கிற கட்டைவிரலும் சுண்டுவிரலும் மடங்காது.

மறுநாள் காலையில் தேவப்பிரியம் கேம்ப்புக்கு வந்து, மணலில் ரத்தத்தைப் பார்த்துவிட்டு, வண்டியில் ஏறாமலே திரும்பிப் போனாள். பீம்ராவ் வார்டு வராந்தாவில் சுவரோடு சுவராக உட்கார்ந்திருந்தான். பார்க்க வந்தவர்களிடமெல்லாம் ஒரே பேச்சு. இரண்டு தட்டு கேட்டது, அவள் இரண்டு தட்டினாள். செங்கொடி ஒன்றுதான் தட்டினேன் என்றாள். அவன் பொய் சொல்லவில்லை என்று அவளுக்குத் தெரியும். அவள் பொய் சொல்லவில்லை என்று அவனுக்கும் தெரியும். அதனாலேயே இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் இருந்தார்கள்.

நாலைந்து நாள் கழித்து மகிழினியைக் கட்டில் பக்கத்தில் கொண்டுவந்து விட்டார்கள். செங்கொடி இடது கையால் பேச முயன்றாள். எழுத்துத் தெரியாதவர் கையெழுத்துப் போடுவதுபோலக் கோணலாக வந்தது. பிள்ளை பொறுமையாகப் பார்த்தது. பிறகு அது ஒரு கேள்வி கேட்டது.

க்ளீனர் மாமாவுக்கும் அடிபட்டதா?

செங்கொடிக்கு முதலில் புரியவில்லை. எந்த மாமா என்று கேட்டாள்.

மகிழினி சொன்னாள். சின்னக் கைகள், அவசரமே இல்லாமல். வண்டியில் இருந்த மாமா. காலையிலிருந்தே கூட வந்தார். மூலையில் பின்சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். பாய் போட்டுக் கொடுத்தேன், படுக்கவில்லை. பிஸ்கட் சாப்பிடவில்லை. நெஞ்சு இப்படி உள்ளே போயிருந்தது என்று தன் நெஞ்சில் உள்ளங்கையை வைத்து அமுக்கிக் காட்டினாள். வண்டி பின்னால் போகும்போதெல்லாம் பயந்துபோய் எழுந்து சுவரை ஒரு தட்டு தட்டுவார். ஒன்றே ஒன்று. நான் சுவரில் கை வைத்துப் பார்த்தேன். கடைசியில் அம்மா வெளியே தட்டினீர்களே, அதே இடத்தில் அவரும் உள்ளேயிருந்து தட்டினார்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்டாள் செங்கொடி.

சொல்ல வந்தேன், நீங்கள் திரும்பிக்கொண்டீர்கள் என்றது பிள்ளை. அப்புறம், எல்லா லாரியிலும் க்ளீனர் இருப்பாரே, அப்பா வேலைக்கு வைத்திருக்கிறார் என்று நினைத்தேன் என்றது.

பீம்ராவ் வாசலில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கும் அந்தக் கைப்பாஷை தெரியும். அன்றைக்கே காயலான் கடைக்குப் போனான். கடைக்காரர் முதலில் மழுப்பினார். பிறகு எந்த யார்டில் வாங்கிய கன்டெய்னர் பெட்டி என்று சொன்னார். அங்கே விசாரித்தபோது ஒரு பெயர் கிடைத்தது. அம்புரோஸ், க்ளீனர், ஐம்பது வயசுக்காரர். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ரிவர்ஸ் வந்த கன்டெய்னருக்கும் மதிலுக்கும் நடுவில் மாட்டி இறந்துபோனவர்.

கட்டுப் பிரித்த பிறகு செங்கொடியே காசிமேட்டுக்குப் போனாள். அம்புரோஸின் மனைவி ரோஸ்மேரி அங்கே மீன் விற்கிறாள். செங்கொடியின் கையை வெகுநேரம் பார்த்தாள். எப்படி ஆனது என்று கேட்கவில்லை.

"எங்க வூட்டுக்காரரு தட்னது ஒண்ணுதாம்மா" என்றாள். "யார்டே கேட்டுச்சு. ட்ரைவரு மட்டும் ரெண்டு கேட்டுச்சுன்னான். போலீஸ்ல அதான் சொன்னான், மாதா கோயில்ல வந்து என் கால்ல வுழுந்தும் அதான் சொன்னான். அவன் பொய் சொல்லல."

அம்புரோஸ் ஒன்று தட்டினார். அப்படியானால் அந்த இன்னொரு தட்டு?

ரோஸ்மேரி மீன்மேல் தண்ணீர் தெளித்துக்கொண்டே மெதுவாகச் சொன்னாள்.

"அதுக்கு நாலு நாளு முன்ன எங்கிட்ட சொன்னாரு. அந்தப் பொட்டி உள்ளேந்து எவனோ தட்றான், ரிவர்ஸ் எடுத்தாலே தட்றான்னு. சீல் ஒடச்சித் தொறந்து பாத்தாங்களாம். காலிப் பொட்டிம்மா. உள்ள ஒண்ணும் இல்ல."

பீம்ராவ் வண்டியைத் தூரத்தில் ஒரு காயலான் கடையில் கொண்டுபோய்ப் போட்டான். மற்றதை எப்படி வேண்டுமானாலும் செய்துகொள், அந்தப் பின்பக்கத் தகரத்தை மட்டும் உருக்கப் போட்டுவிடு என்று கெஞ்சினான். கடைக்காரர் தலையாட்டினார். நல்ல தகரத்தை எந்தக் கடைக்காரர் உருக்கப் போடுவார் என்று அவன் யோசித்திருக்க வேண்டும்.

ஆடி மாதம் ஒரு திங்கட்கிழமை காலை. மகிழினியின் ஸ்கூல் வேன் இரண்டு நாள் ரிப்பேரில் கிடந்து அன்றுதான் வந்தது. தெருவில் அது பின்னால் வந்துதான் திரும்ப வேண்டும். பிள்ளைகள் மூன்று நாலு பேர் ஓரமாக நின்றிருந்தார்கள். எல்லோரும் அந்தப் பள்ளிப் பிள்ளைகள், எவருக்கும் காது கேட்காது. வேனின் பின்பக்கம் புதிதாக மஞ்சள் பெயின்ட் அடித்திருந்தது. துருப்பிடித்த இடத்தை வெட்டி எடுத்து வேறு தகரம் ஒட்டியிருந்தார்கள்.

டிரைவர் தலையை நீட்டினான்.

"யக்கா, க்ளீனர் வரல. பின்னாடி பாத்து தட்டி வுடுக்கா."

செங்கொடி பின்னால் போனாள். இடது கையால் இரண்டு தட்டினாள். வேன் நகர்ந்தது. அப்போது ஒரு சின்னப் பையனின் தண்ணீர் பாட்டில் ரோட்டில் உருண்டது. அவன் குனிந்துகொண்டே வேனுக்குப் பின்னால் ஓடினான்.

நிறுத்த வேண்டும். ஓங்கிய கை தகரத்துக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது.

அப்போதுதான் பார்த்தாள்.

மஞ்சள் பெயின்ட்டுக்கு அடியில், நெஞ்சு உயரத்தில், குழி.

தட்டினால் இரண்டாகிவிடும்.

பக்கவாட்டில் மகிழினி வேன் மேல் உள்ளங்கையை வைத்து நின்றிருந்தாள். அம்மாவைப் பார்த்து ஒற்றை விரலைத் தூக்கினாள்.

செங்கொடி தட்டவில்லை. கையை இழுத்துக்கொண்டு, அலறிக்கொண்டே முன்னால் ஓடினாள். டிரைவரின் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தாள். நிறுத்துடா, நிறுத்துடா என்று தெருவே கூடும்படி கத்தினாள்.

வேன் ஏற்கெனவே நின்றிருந்தது. பையன் பாட்டிலை எடுத்துக்கொண்டு சிரித்தபடி எழுந்தான். அவன் தலைக்கும் வேனுக்கும் நடுவே ஒரு முழம்கூட இல்லை.

டிரைவர் அவளை விசித்திரமாகப் பார்த்தான்.

"இன்னாக்கா ஆச்சு உனக்கு? நீதான் ஒரு தட்டு தட்டுன. நான் அப்பவே நிறுத்திட்டனே."